ரிஸ்க், தகவல், ஆட்கள்: மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்

பெரும்பாலான ப்ராஜெக்ட்களில் முதல் மாதமே மூன்று ஆவணங்கள் தயாராகிவிடும். ரிஸ்க் பட்டியல் ஒன்று. யாருக்கு எப்போது என்ன ரிப்போர்ட் போக வேண்டும் என்று சொல்லும் தகவல் தொடர்புத் திட்டம் ஒன்று. எந்த மாதம் எத்தனை ஆட்கள் என்று காட்டும் ரிசோர்ஸ் பிளான் ஒன்று. மூன்றையும் மூன்று பேர் எழுதுவார்கள், மூன்று ஃபோல்டரில் இருக்கும், ஆடிட் வரும்போது திறப்பார்கள். பல வருடங்களாக மென்பொருள் ப்ராஜெக்ட்களை நடத்திவருகிறேன். இப்படித் தனித்தனியாக எழுதிவைப்பதுதான் நிறைய ப்ராஜெக்ட்கள் தடுமாறக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால், ரிஸ்க் பட்டியலில் "பழைய டேட்டாவின் தரம் மோசமாக இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்க ரிசோர்ஸ் பிளானில் யாருக்கும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்காது. பார்த்தவர் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று தகவல் திட்டத்தில் ஒரு வார்த்தை இருக்காது. அப்படியானால் அந்த வரியை எழுதியதில் என்ன பயன்? பயத்தை எழுத்தில் பதிவு செய்தோம், அவ்வளவுதான்.

நான் இதற்கு அடிக்கடி எடுத்துச் சொல்வது நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1998 டிசம்பரில் புறப்பட்ட அந்த விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை எட்டிய வேளையில் தொலைந்துபோனது. காரணம் பலருக்கும் தெரிந்ததுதான். ஒப்பந்த நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட தரப்பு அதை நியூட்டன் அளவாக எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். ஆனால் இது பாதிக் கதைதான். பாதையில் ஏதோ பொருந்தவில்லை என்பதை வழிகாட்டும் குழுவில் இருந்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அந்தச் சந்தேகம் முறையான வழியில் மேலே போய்ச் சேரவில்லை. அந்தக் குழுவுக்கு ஆட்களும் போதவில்லை, ஒரே சமயத்தில் மூன்று செவ்வாய்ப் பயணங்கள் அவர்கள் தலையில் இருந்தன. விசாரணைக் குழு இவை எல்லாவற்றையுமே காரணங்களாகக் குறிப்பிட்டது. ரிஸ்க், தகவல், ஆள் பற்றாக்குறை என்று தனித்தனியாகப் பிரிக்க அங்கே இடமே இல்லை. ஆள் போதாததால் சந்தேகத்தைத் துருவிப் பார்க்க நேரமில்லை, நேரமில்லாததால் அது பேச்சளவில் நின்றது, பேச்சளவில் நின்றதால் யாரும் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் நான் நடத்தும் ப்ராஜெக்ட்களில் ஒரே தாள்தான். சாதாரண எக்செல் போதும். ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் ஒரு வரி. அந்த வரியிலேயே, இது வருகிறதா என்று கவனிப்பவர் யார், எந்த அறிகுறி தெரிந்தால் யாரிடம் எத்தனை நாளுக்குள் சொல்வார், வந்துவிட்டால் யாருடைய எத்தனை நாள் வேலையை இதற்குத் திருப்புவோம் என்பதும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த வரியை முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த மீட்டிங்கில் முதலில் அதைத்தான் எடுப்போம்.

வரி எழுதுவது எளிதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு நிதி நிறுவனத்துக்கு, பழைய கணக்கு மென்பொருளில் இருந்த வாடிக்கையாளர் விவரங்களையும் இருப்புகளையும் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையைச் செய்துகொண்டிருந்தோம். டீமிடமிருந்து வந்த முதல் பட்டியலில் "வெண்டார் தாமதம்" என்று ஒரு ரிஸ்க் இருந்தது. எந்த வெண்டார், எதில் தாமதம், தாமதித்தால் எது நிற்கும்? எதுவும் இல்லை. உட்கார்ந்து பேசிப் பேசி அதை இப்படி மாற்றினோம்: "டெஸ்ட் சர்வருக்கான ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை. அதனால் சர்வர் 12ஆம் தேதிக்குள் வராமல் போகலாம். வராவிட்டால் முழு டேட்டாவை வைத்துச் செய்யும் முதல் ஒத்திகை தள்ளிப்போகும், பிழைகளைத் திருத்த இருக்கும் இடைவெளி இரண்டு வாரத்திலிருந்து சில நாட்களாகக் குறையும்."

காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்றாகப் பிரிந்தவுடனே என்ன செய்யலாம் என்பதும் கண்ணில் பட்டுவிட்டது. கையெழுத்தை விரட்டலாம், அது காரணத்தில் கை வைப்பது. சர்வர் வராவிட்டாலும் பத்தில் ஒரு பங்கு டேட்டாவை வைத்து இருக்கிற மெஷினிலேயே ஒத்திகையைத் தொடங்கலாம், அது விளைவைக் குறைப்பது. "வெண்டார் தாமதம்" என்று விட்டிருந்தால் "தொடர்ந்து கவனிக்கப்படும்" என்றுதான் எதிரே எழுதியிருப்பார்கள். அந்த வாக்கியத்தை எந்தப் பட்டியலில் பார்த்தாலும் அடித்துவிடுங்கள். யார், எதை, எந்தக் கிழமை என்று சொல்லாத கவனிப்பு நடக்கவே நடக்காது.

இன்னொன்று, ஏற்கெனவே நடந்துவிட்டதை ரிஸ்க் என்று எழுதி வைப்பார்கள். நடந்துவிட்டால் அது பிரச்சினை. அதற்கு வேண்டியது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், எரிகிற பிரச்சினைகளைப் பேசியே மீட்டிங் முடிந்துவிடும், வரப்போவதைப் பேச நேரமே இருக்காது.

மதிப்பெண் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடக்கும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து, இரண்டையும் பெருக்கிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் தீட்டும் வழக்கம் எங்கும் இருக்கிறது. பேச்சைத் தொடங்க அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுக்க அதை நம்பாதீர்கள். அடிக்கடி வரும் சின்னத் தொல்லைக்கு 5 பெருக்கல் 1, எப்போதாவது வந்தால் ப்ராஜெக்டையே சாய்க்கக்கூடிய ஆபத்துக்கு 1 பெருக்கல் 5. இரண்டும் 5 என்று ஒரே பச்சைக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். முன்னதைச் சகித்துக்கொள்ளலாம். பின்னதற்கு மாற்று வழி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

நாட்களாகக் கணக்குப் போடும்போதும் இதே சிக்கல். 20 நாள் இழப்பு வர 10 சதவீத வாய்ப்பு என்றால், பெருக்கி 2 நாள் ஒதுக்குவோம். ஆனால் அந்த ஆபத்து வந்தால் 2 நாளாக வராது, 20 நாளாகத்தான் வரும். இது போலச் சின்னதும் பெரியதுமாக முப்பது ரிஸ்க் இருந்தால், எல்லாவற்றின் 2 நாள், 3 நாளையும் ஒரே பொதுக் கையிருப்பாகச் சேர்த்து வைப்பதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் முப்பதும் ஒருசேர வராது. ஒற்றைப் பெரிய ஆபத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அதை ஒன்று முழுதாகத் தவிர்க்க வேண்டும், அல்லது வந்தால் எந்த வேலையை விட்டுக்கொடுப்போம் என்று கிளையன்ட்டிடம் முன்பே பேசி வைக்க வேண்டும். அந்தக் கையிருப்பு நாட்களும் ப்ராஜெக்ட் மேனேஜர் கையில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தன் வேலைக்குள் இரண்டு நாள் ஒளித்து வைத்தால், தேவைப்படும் இடத்துக்கு அது போய்ச் சேராது.

சரி, ரிஸ்க்குகளைக் கண்டுபிடிப்பது எப்படி? "வேறு என்ன ரிஸ்க் இருக்கு, சொல்லுங்க" என்று மீட்டிங்கில் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில். மேலதிகாரி முன்னால், திட்டம் உற்சாகமாகத் தொடங்கும் நேரத்தில், "இது சரிவராது" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இதற்கு எனக்குத் தெரிந்து மிக நன்றாக வேலை செய்யும் வழி, உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிப் பரவலாக்கிய 'ப்ரீமார்ட்டம்' முறை. டீமை உட்காரவைத்து, "ஆறு மாதம் கழிந்துவிட்டது, இந்த ப்ராஜெக்ட் படுதோல்வி, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பேசுவதால், சொல்பவர் யாரையும் எதிர்க்கவில்லை. நடந்த கதையைச் சொல்வது போல இருக்கும்.

இதை நடத்துவதில் இரண்டு விஷயங்களில் நான் கறாராக இருப்பேன். முதலில் எல்லோரும் பேசாமல் எழுத வேண்டும், பேச்சு அப்புறம்தான். படிக்கும்போது அனுபவத்தில் இளையவர் எழுதியதிலிருந்து தொடங்கி மூத்தவரில் முடிக்க வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் மற்ற எல்லாச் சீட்டும் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லும்.

அந்த டேட்டா மாற்றும் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். டெஸ்டிங் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், மீட்டிங்குகளில் வாய் திறந்தே பார்த்ததில்லை. அவருடைய சீட்டில் "1900" என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன என்று கேட்டேன். "சார், பழைய சிஸ்டத்துல பிறந்த தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் 1900 ஜனவரி 1னு போட்டு வெச்சிருக்காங்க. புது சிஸ்டம் வயசைப் பார்த்துத்தான் வாடிக்கையாளருக்கு ஏத்த திட்டத்தைக் காட்டும். அவங்க எல்லாரும் நூறு வயசைத் தாண்டினவங்களா ஆயிடுவாங்க" என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பழைய மென்பொருளைப் பல வருடம் பார்த்துக்கொண்ட மூத்தவர்தான் முதலில், "ஆமாம்மா, அப்போ அந்தக் கட்டத்தைக் காலியா விட சிஸ்டம் விடாது, அதனால அப்படிப் போடச் சொன்னாங்க" என்றார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். பழகிப்போனதால் அது ஓர் ஆபத்தாக அவர் கண்ணில் படவில்லை. புதிதாகப் பார்த்தவர் கண்ணில் பட்டது. டீமில் புதியவரும் பழையவரும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

அந்தச் சீட்டு அன்றைக்கே ஒரு வரியாகத் தாளில் ஏறியது. கவனிப்பவர் அதே பெண். பிறந்த தேதி, தொடங்கிய தேதி, முடிந்த தேதி என்று எல்லாத் தேதிக் கட்டங்களிலும் ஒரே தேதி அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அவர் வேலை, அதற்கு அவருடைய மற்ற வேலையிலிருந்து நேரம் எடுத்துக் கொடுத்தோம். என்ன போடுவது என்று முடிவெடுப்பவர் கிளையன்ட் தரப்பின் செயல்பாட்டு மேலாளர், நாங்கள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பட்டியல் போக வேண்டும். கண்டுபிடித்தவரிடமே கவனிக்கும் பொறுப்பைக் கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று அவருக்கும் புரியும், பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் புரியும். ஆனால் நேரம் ஒதுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது தண்டனையாகிவிடும். அடுத்த முறை யாரும் எதையும் எழுத மாட்டார்கள்.

தகவல் தொடர்பு என்றவுடன் பலர் மீட்டிங்குகளை அதிகமாக்குகிறார்கள். எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். டீமில் உள்ளவர்களின் எண்ணிக்கையை, அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால், எத்தனை ஜோடிகள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரியும். 5 பேருக்கு 10 ஜோடி. 10 பேருக்கு 45. 15 பேருக்கு 105. ஆள் மூன்று மடங்கானால் பேச்சு பத்து மடங்கைத் தாண்டுகிறது. எல்லோரும் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்வது 5 பேர் வரை நடக்கும். அதற்கு மேல் எந்தத் தகவல் யாருக்கு வேண்டாம் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

நான் முதலில் எழுதுவது தகவல் மேலே போகும் எல்லையைத்தான். அதாவது, ஒரு வேலை எத்தனை நாள் தள்ளினால் யாருக்குச் சொல்ல வேண்டும்? இரண்டு நாள் வரை டீம் லீட் பார்த்துக்கொள்வார். ஐந்து நாள் என்றால் எனக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். கோலைவ் தேதியை, அதாவது புதிய மென்பொருள் உண்மையான பயன்பாட்டுக்கு வரும் தேதியைத் தொடும் என்றால், 24 மணி நேரத்துக்குள் கிளையன்ட்டுக்கு நான் சொல்வேன். இந்த எண்கள் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் மாறும். ஆனால் தொடக்கத்திலேயே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போதே, கிளையன்ட்டையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லை எழுதப்பட்டிருந்தால் கெட்ட செய்தி சொல்வது புகார் சொல்வதாக ஆகாது, விதியைப் பின்பற்றுவதாகிவிடும். "சொல்லலாமா வேண்டாமா" என்ற தயக்கத்திலேயே தொலையும் நாட்கள் இதில் மிச்சமாகும்.

வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று இருக்கும் ரிப்போர்ட்டைத் தர்பூசணி ரிப்போர்ட் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். டெவலப்பர் "கொஞ்சம் சிக்கல்" என்கிறார், லீட் அதை "கட்டுக்குள் இருக்கிறது" என்று மாற்றுகிறார், மேலே போவதற்குள் "திட்டப்படி நடக்கிறது" ஆகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். இதைத் தடுக்க நான் சதவீதம் கேட்பதையே விட்டுவிட்டேன். "90 சதவீதம் முடிந்தது" என்பதிலிருந்து ஒன்றும் தெரியாது. "ஓட்டிக் காட்ட முடியுமா?", "எத்தனை கணக்குகள் சரியாகப் பொருந்தின?", "உங்கள் வேலை முடிய வேறு யாரிடமிருந்து என்ன வர வேண்டும்?" என்று கேட்டால் உண்மை நிலைமை வெளியே வரும். குறிப்பாகக் கடைசிக் கேள்வி. தாமதங்களில் பெரும்பகுதி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடத்தில்தான் பதுங்கியிருக்கிறது.

கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் நாம் சொல்லும் முதல் வாக்கியம் ரொம்ப முக்கியம். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டால், அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் வரும். "சரி, நல்லவேளை இப்பவே சொன்னீங்க, எதையெல்லாம் இது தொடும்?" என்று கேட்டால் வேலை அங்கேயே தொடங்கிவிடும். காரணத்தை அலச வேறொரு நாள் இருக்கிறது.

கிளையன்ட்டுக்கு எழுதும்போதும் இதே ஒழுங்குதான். சர்வர் உண்மையிலேயே தாமதமானபோது நாங்கள் அனுப்பிய மெயில் ஏறத்தாழ இப்படி இருந்தது: "டெஸ்ட் சர்வர் 12ஆம் தேதி வரவில்லை, 19ஆம் தேதி வரும் என்று வெண்டார் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார். முதல் ஒத்திகையைப் பத்தில் ஒரு பங்கு டேட்டாவுடன் இருக்கிற மெஷினில் 13ஆம் தேதி தொடங்குகிறோம். கோலைவ் தேதி இப்போதைக்கு மாறவில்லை. ஆனால் 19ஆம் தேதியும் தவறினால், தேதியை ஒரு வாரம் தள்ளுவதா, மாதாந்திர ரிப்போர்ட்களை இரண்டாம் கட்டத்துக்கு விடுவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இதைப் பேச 16ஆம் தேதி அரை மணி நேரம் தர முடியுமா?" மன்னிப்புக் கேட்டு நீட்டிமுழக்கவில்லை, வெண்டாரைத் திட்டவுமில்லை. என்ன நடந்தது, என்ன செய்கிறோம், அவர்கள் எதை முடிவு செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். படித்தவர் தன் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பக்கூடிய மெயில்தான் நல்ல மெயில்.

எடுத்த முடிவுகளையும் அந்தத் தாளிலேயே இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். தேதி, முடிவு, எடுத்தவர், அப்போது நமக்குத் தெரிந்திருந்த தகவல். மூன்று மாதம் கழித்து "இதை யார் சொன்னது?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இப்போது ஆட்கள் விஷயம். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் திட்டமிடுதலில் விட்ட குறையை எல்லாம் கடைசியில் மனிதர்கள் இரவு கண்விழித்து ஈடுகட்டுகிறார்கள்.

ரிசோர்ஸ் பிளானில் ஒருவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று போடுவார்கள். மீட்டிங், மெயில், பழைய ப்ராஜெக்டிலிருந்து வரும் சந்தேகங்கள், புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் போனால் 8 மணி நேரம் யாருக்கும் மிஞ்சாது. நான் 5 அல்லது 6 மணி நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். இதை எடுத்துச் சொன்னால் "ஆட்களைச் சும்மா வைத்திருக்கிறீர்களா" என்று மேலே கேட்பார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்க்கும் எளிய வரிசைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நேரத்தில் 50 சதவீதம் நிரம்பியிருந்தால், வரும் வேலை சராசரியாக ஒரு வேலைக்கு ஆகும் நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. 90க்கு மேல் இன்னொரு 5 சதவீதத்தைக் கறக்கப் போய்க் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. முக்கியமான ஆளை முழுசாக நிரப்பினால், அவருக்குப் பின்னால் மொத்த டீமும் வரிசையில் நிற்கும். ரிஸ்க் வந்தால் திரும்பிப் பார்க்கவும் அவருக்கு நேரம் இருக்காது.

மதிப்பீடு வாங்கும்போது ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று மூன்று எண் கேளுங்கள். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான முறை இது. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 4, 6, 14 என்று சொன்னால் 7 நாள் வரும். எனக்கு அந்த 7 அவ்வளவு முக்கியமில்லை. "14 என்றீர்களே, எதை நினைத்து?" என்று கேட்பேன். அந்தப் பதில்தான் தாளில் அடுத்த ரிஸ்க் வரி.

ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் எது என்றும் கேட்டுப் பாருங்கள். எங்கள் ப்ராஜெக்டில் பழைய மென்பொருளின் டேபிள்கள் அந்த மூத்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஆவணம் எழுதித் தரச் சொல்லலாம், எழுதுவார். ஆனால் தனக்குத் தெரிந்ததில் எது மற்றவருக்குத் தெரியாது என்பது அவருக்கே தெரியாதே. அதனால் ஒத்திகைகளை ஓட்டும் வேலையை ஓர் இளைய டெவலப்பரிடம் கொடுத்து, மூத்தவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னோம். கீபோர்டைத் தொடக் கூடாது, கேட்டால் பதில் மட்டும் சொல்ல வேண்டும். முதல் ஒத்திகை மெதுவாகத்தான் போனது, மூத்தவருக்குக் கை பரபரத்தது. ஒவ்வொரு கேள்வியையும் அந்தப் பையன் தன் நோட்டில் குறித்துக்கொண்டான். யார் எழுதித் தந்திருந்தாலும் அந்த நோட்டு அளவுக்கு வந்திருக்காது. பிந்தைய ஒத்திகைகளில் மூத்தவர் அறைக்கே வர வேண்டியிருக்கவில்லை. அவர் குடும்ப வேலையாக லீவு கேட்டபோது, சங்கடப்படாமல் கொடுக்க முடிந்தது.

தாமதமான பிறகு ஆள் சேர்ப்பது பற்றி: ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய திட்டத்தை வழிநடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், பின்தங்கிய மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்று 1975இல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஏற்கெனவே மூச்சு முட்டும் நிலையில் இருப்பவர்கள்தான், மேலே பார்த்த ஜோடிகளின் எண்ணிக்கையும் ஏறும். ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் அந்தத் தாள்தான் ஆதாரம்: இந்த அறிகுறி தெரிந்தால் இந்தத் தேதியில் இன்னொரு டெவலப்பர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால், கேட்கும்போது சண்டை இருக்காது. கடைசி நேரத்தில் உதவியே வேண்டுமென்றால், முழு விவரம் தெரியாமலே செய்யக்கூடிய வேலையைப் பிரித்துக் கொடுங்கள். எங்களுக்கு மாற்றிய இருப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க அப்படி வந்தவர்கள் நன்றாகவே உதவினார்கள்.

கோலைவ் இரவில்தான் இதெல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்த்தோம். சனிக்கிழமை இரவு மாற்றத்தைத் தொடங்கி ஞாயிறு அதிகாலைக்குள் முடிக்க வேண்டும். தாளில் ஒரு வரி இருந்தது: "4 மணிக்குள் பழைய மொத்த இருப்பும் புதிய மொத்த இருப்பும் பைசா சுத்தமாகப் பொருந்தாவிட்டால் பழைய சிஸ்டத்துக்கே திரும்புகிறோம்." முடிவெடுப்பவர் பெயர் இருந்தது. திரும்பிப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை ஒத்திகையில் அளந்து எழுதியிருந்தோம். கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டிய மெயிலும் எழுதித் தயாராக இருந்தது, காரணம் எழுதும் வரி மட்டும் காலி.

நான்கு மணி நெருங்கியபோது தொகை பொருந்தவில்லை, வித்தியாசம் சின்னதுதான். "இன்னும் அரை மணி நேரம் குடுங்க, பிடிச்சிடுவேன்" என்றார் மூத்தவர், முகம் வாடிப்போயிருந்தது. அவரால் முடியும் என்று எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. முடிவெடுக்க வேண்டியவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், "வேண்டாம் சார், திரும்பிடலாம். காலைல நிதானமாப் பாருங்க" என்றார். திரும்பினோம். ரத்து செய்த பதிவுகளில் ஒரு வகை, மாற்றும்போது இரண்டு முறை கணக்கில் ஏறியிருந்தது தெரிய வந்தது. அதை விடியற்காலைக் களைப்பில் சரிசெய்திருந்தால் வேறெதையாவது உடைத்திருப்போம். அடுத்த வார இறுதியில் மாற்றம் முடிந்தது, தொகை பொருந்தியது. கிளையன்ட் தரப்பில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. பழைய சிஸ்டத்துக்கே திரும்ப வேண்டி வரலாம் என்று அவர்களும் கையெழுத்திட்ட வரி அது. அந்த இரவில் முடிவெடுக்கும் பாரத்தை யாரும் தனியாகச் சுமக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

வாரம் ஒரு முறை இந்தத் தாளைப் பார்க்க இருபது நிமிடம் போதும். எல்லா வரியையும் படிக்காதீர்கள். அறிகுறி தெரிந்தவை, தேதி நெருங்குபவை, காலம் கடந்ததால் நீக்க வேண்டியவை மட்டும். நீக்குவதில் தயக்கம் வேண்டாம். முப்பது வரியைத் தாண்டிய பட்டியலை யாரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது.

நடுவழியில் ஒரு ப்ராஜெக்டைக் கையிலெடுப்பவர்கள் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்பார்கள். பழைய ஆவணங்களைத் திருத்தி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதல் வாரத்தில் டீமில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, அதை யாரிடம் சொன்னீர்கள், சொன்ன பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதுதான் உங்கள் தாளின் முதல் வரி. யாரிடமும் சொல்லவில்லை என்று ஒருவர் சொன்னால் அது இரண்டாவது வரி. அந்த இரண்டுக்கும் ஆளையும் தேதியையும் எழுதிவிட்டு, அந்த ஆளின் வேறு எந்த வேலையை எடுத்துவிடப் போகிறீர்கள் என்பதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.